பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறீர்களா? கியர்பாக்ஸ் ஆயிலை முதலில் பாருங்கள்

புது தில்லி: தில்லியின் கரோல் பாக் பகுதி, பழைய கார் விற்பனைக்கும் உதிரிபாகக் கடைகளுக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. தில்லியில் பதிவான கார்கள் தடையில்லாச் சான்றுடன் தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் செல்கின்றன. இவற்றில் ஆட்டோமேட்டிக் கார் வாங்குவோர் பலர் எஞ்சின் ஓசையையும் பெயின்டையும் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். பழுதானால் பெருஞ்செலவு வைப்பது கியர்பாக்ஸ்தான். அதன் நிலையை, உள்ளே ஓடும் ‘ஏடிஎஃப்’ என்ற திரவத்தைக் கொண்டே பெருமளவு கணித்துவிடலாம்.

தில்லியிலேயே காரை வைத்திருப்போருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களும் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் கார்களும் தலைநகர் வட்டாரத்தில் இயங்க விதிக்கப்பட்ட தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கடந்த 2025 டிசம்பரில், பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுள்ள வாகனங்கள் மீது வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கூறிய நீதிமன்றம், பிஎஸ்-3 மற்றும் அதற்குக் கீழானவற்றுக்கு அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. தில்லியில் பிஎஸ்-4 நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். எனவே கியர்பாக்ஸில் பணம் போடுவதற்கு முன் பதிவுச் சான்றைப் பார்ப்பது நல்லது.

அடுத்து, எந்த வகை கியர்பாக்ஸ் என்று அறிய வேண்டும். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல இயந்திரங்கள் உள்ளன. 2014இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் அறிமுகமான ஏஎம்டி, உண்மையில் சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் மனிதருக்குப் பதிலாகக் கருவி இயக்குகிறது. ஹோண்டா சிட்டி 2008ஆம் ஆண்டுத் தலைமுறையில் டார்க் கன்வெர்ட்டருடன் கூடிய 5 வேக கியர்பாக்ஸையும், 2014ஆம் ஆண்டுத் தலைமுறையில் சிவிடியையும் கொண்டிருந்தது. பெயர் ஒன்று, ஊற்ற வேண்டிய திரவம் வேறு. கடைக்காரர் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று நீட்டும் டப்பாவை வாங்காமல், காரின் கையேட்டில் உள்ள குறியீட்டையே கேட்டு வாங்க வேண்டும். தவறான திரவத்தில் கிளட்ச் தகடுகளின் உராய்வு மாறி, கார் குலுங்கும் அல்லது வழுக்கும்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் இந்தத் திரவம் வெறும் மசகு அல்ல. எஞ்சினின் விசையைக் கடத்துவதும், அழுத்தத்தால் கிளட்சுகளைப் பிடிப்பதும், வெப்பத்தை வெளியேற்றுவதும் அதுவே. தில்லிக் கோடையில், நின்று நின்று நகரும் நெரிசலில் அது விரைவில் கெடுவதில் வியப்பில்லை.

அளவு பார்க்கும் முறையில்தான் பலரும் தவறுகின்றனர். பெரும்பாலான கார்களில் எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியர்களுக்கும் ஒருமுறை மாற்றி, ‘பி’ நிலையில் எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்திய ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களில், திரவம் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அடிப்புற மூடியைத் திறந்து பார்ப்பார்கள். இது பணிமனை வேலை.

துடைத்த வெள்ளைத் துணியில் ஒரு துளி போதும். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கலாம். பால் கலந்ததுபோன்ற இளஞ்சிவப்பு மிகவும் ஆபத்தானது: ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்புக் குழாய் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது, அந்தக் காரை ஓட்டக் கூடாது.

‘டி’யில் போட்டபின் ஓரிரு நொடி தாமதித்து நகர்வது, எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாதது, சீறும் ஓசை ஆகியவை திரவம் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். திரவம் தானாகத் தீர்வதில்லை; குறைந்தால் கசிவு இருக்கிறது என்றே பொருள். அடித்தட்டு கேஸ்கட், குளிர்விப்புக் குழாய் இணைப்புகள், ஆக்சில் சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்காக அளவுக்கு மீறி ஊற்றினால் நுரைத்து அதே கோளாறுகள் தோன்றும்.

புதுத் திரவம் ஊற்றினால் பழைய கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்ற பேச்சு மெக்கானிக்குகளிடையே உண்டு. வழுக்கத் தொடங்கிய பிறகே பலர் திரவத்தை மாற்றுகின்றனர். பழி புதுத் திரவத்தின் மீது விழுகிறது. ஆயினும் அதிக ஓட்டம் கண்ட காரில் அழுத்தம் கொடுத்துக் கழுவுவதைவிட, வடித்துவிட்டு நிரப்புவதே பாதுகாப்பு. ஒருமுறை வடித்தால் ஏறத்தாழ பாதிதான் வெளிவரும். மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கும். சில நாள் ஓட்டி, மீண்டும் ஓரிரு முறை மாற்றுவது வழக்கம்.

காரைப் பார்க்கச் செல்லும்போது எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். கியர் விழுவதில் உள்ள தாமதம் குளிர்ந்த நிலையில்தான் பெரும்பாலும் வெளிப்படும். வழுக்கலைக் காண அரைமணி நேரமாவது நெரிசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.