கருந்துளை இணைகளின் தொடக்கநிலை: கணினிக்கு முந்திய கணக்கு

ஒன்றையொன்று சுற்றிவரும் இரு கருந்துளைகளைக் கணினியில் உருவகப்படுத்துவது முழுக்க முழுக்க மீக்கணினியின் வேலை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும், கணினி ஓடத் தொடங்கும் முன்பே, தொடக்கநிலையை அமைக்கும் கட்டத்திலேயே, விளைவின் தரம் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

ஐன்ஸ்டைனின் பத்து ஈர்ப்புச் சமன்பாடுகளுள் ஆறு, வெளியின் வடிவம் காலத்தோடு மாறும் விதத்தைச் சொல்பவை. எஞ்சிய நான்கும் எந்தக் கணத்திலும் மீறக்கூடாத கட்டுப்பாடுகள். ஆகவே, கருந்துளைகளை விரும்பிய இடத்தில் விரும்பிய வேகத்தோடு வைத்தால் மட்டும் போதாது. அவற்றைச் சூழ்ந்த வெளியின் வளைவும் அக்கட்டுப்பாடுகளுக்கு இணங்க வேண்டும். உந்தம் சார்ந்த மூன்று கட்டுப்பாடுகளுக்குத் தாளில் எழுதத்தக்க தீர்வைப் போவனும் யார்க்கும் 1980இல் தந்தனர்; நான்காவதைக் கணினியால் எளிதில் தீர்க்க, கருந்துளையின் உட்பகுதியை ஒரு புள்ளியாகக் கொள்ளும் முறையைப் பிராண்ட்டும் புரூக்மனும் 1997இல் வகுத்தனர். 2005இல் முதன்முதலாக ஓர் இணையை மோதலுக்கு அப்பாலும் தொடர்ந்து கணித்த பிரிட்டோரியஸ் வேறு வழியில் சென்று, ஒரு புலத்தின் செறிவுகளைத் தன்னீர்ப்பால் உள்நோக்கிச் சரியவிட்டே தம் கருந்துளைகளைப் பெற்றார்.

கட்டுப்பாடுகள் நிறைவேறினாலும் பாதை சரியாக அமைந்துவிடுவதில்லை. ஈர்ப்பலைகள் ஆற்றலைக் கவர்வதால் நீள்வட்டப் பாதை நாளடைவில் வட்டத்தை நெருங்கும் என்று 1964இல் பீட்டர்ஸ் காட்டினார். அந்த வட்டத்தைக் கணினியில் பெறுவதே கடினம். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான முதல் ஈர்ப்பலைக்குரிய, சூரியனைப்போல் ஏறத்தாழ 36, 29 மடங்கு நிறையுள்ள இணைக்கு, ஐன்ஸ்டைன் டூல்கிட் என்னும் திறந்த மென்பொருளில் ஒரு மாதிரி அமைப்பு கிடைக்கிறது. மொத்த நிறை, ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி ஆகியவற்றை 1 எனக் கொள்ளும் அலகில் அதன் தொடக்க இடைவெளி 10, அதாவது ஏறத்தாழ 960 கிலோமீட்டர். சுற்றுத்திசை உந்தம் 0.0953, உள்நோக்கிய உந்தம் வெறும் 0.00085. முன்னதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த எண்ணைப் புறக்கணித்தால், சீராகச் சுருங்க வேண்டிய இடைவெளி ஏறியிறங்கத் தொடங்கும். அந்த அலைவு ஈர்ப்பலையிலும் பதியும்.

இத்தகைய எண்களைத் தருவது பெரும்பாலும் பின்நியூட்டனியத் தோராயம்; அதாவது, நியூட்டனின் விதிக்கு வேகத்தின் அடுக்குகளில் படிப்படியாகத் திருத்தம் சேர்க்கும் கணிதம். அதில் இந்தியப் பங்கு சிறிதன்று. பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தின் பாலா ஐயர், பிளான்ஷே, டமூர் முதலியோருடன் இணைந்து 1995இல் இரண்டாம் படித் திருத்தத்தை நிறைவுசெய்தார். சென்னை ஐஐடியில் சந்திரகாந்த் மிஸ்ரா குழுவினர் 2022இல் நீள்வட்டப் பாதை இணைகளுக்கான உருவகப்படுத்தல்களைப் பின்நியூட்டனிய அலைகளோடு ஒப்பிட்டனர்; வட்டத்தைத் தேடுவோர் களைய முயலும் பிறழ்ச்சியே அங்கு ஆய்வுப் பொருளாகிறது.

மோதல்வரை கணிக்கப் பல செயலிகள் நாள்கணக்கில் உழைக்க வேண்டும் என்பது மெய்யே. எனினும் கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ இயற்பியல் பயிலும் முதுகலை மாணவர், பின்நியூட்டனியச் சமன்பாடுகளைத் தொலைவான இடைவெளியிலிருந்து 10 அலகு வரை தொகையிட்டு, அங்குள்ள இரு உந்தங்களையும் குறித்துக்கொண்டு, நான்காம் கட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்கு ஒரு மடிக்கணினியே போதும்.