அடுத்த மாதமும் வருவதாகச் சொன்ன கடைசி இதழ்

சித்திரக்கதை பற்றி நானும் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தார்கள். ஏடும் உரையுமாகக் காலம் கழித்த எனக்கு இந்தப் பந்தியில் இலை போட்டதே பெரிய மரியாதை. மறுக்க மனம் வரவில்லை. தந்த தலைப்பு 'நின்றுபோன இதழ்கள்'. நின்றுபோனவற்றை எல்லாம் அடுக்கினால் மலர் தாங்காது. ஆகவே ஒரே ஓர் இதழை எடுத்துக்கொள்கிறேன். 1962 ஆகஸ்டு எனத் தேதியிட்டு அமெரிக்காவில் மார்வெல் வெளியிட்ட 'அமேசிங் ஃபேண்டஸி' 15ஆம் இதழ் அது.

ஸ்பைடர்மேன் பிறந்த இதழ் என்று சொன்னாலே இந்த மலரின் வாசகர்களுக்குப் போதும். சிலந்தி கடித்த கதையை உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். அந்தத் தொடருக்கு அதுவே கடைசி இதழ் என்பதும் உங்களில் பலர் அறிந்ததே. கடைசி என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி.

மூன்று பெயர் தாங்கிய தொடர்

1961இல் 'அமேசிங் அட்வென்சர்ஸ்' என்று தொடங்கியது இத்தொடர். ஆறு இதழ்களுக்குப் பின், ஏழாம் இதழில் 'அமேசிங் அடல்ட் ஃபேண்டஸி' ஆயிற்று. ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த சிறுசிறு மர்மக் கதைகள். ஒவ்வொரு கதையின் கடைசிக் கட்டத்திலும் ஒரு திருப்பம். கதைகள் நன்றாக இருந்தும் விற்பனை எழவில்லை. 15ஆம் இதழில் 'அடல்ட்' என்ற சொல்லை நீக்கிப் பெயரை இரண்டாம் முறை மாற்றினார்கள். அதோடு தொடர் நின்றது.

அக்காலத்தில் மார்வெல் இன்றைய மலையல்ல, ஒட்டுக் குடித்தனம். 1957இல் அவர்களுடைய விநியோகஸ்தர் கடையைக் கட்டிவிட, போட்டியாளரான டி.சி. நிறுவனத்தாரின் 'இண்டிபெண்டன்ட் நியூஸ்' வழியாகத்தான் இதழ்கள் கடைக்குப் போயின. மாதத்துக்கு இத்தனை இதழ்தான் என்று அவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். புதிதாக ஒன்று நுழைய வேண்டுமானால் பழையது ஒன்று இடம் விட வேண்டும். 1963 மார்ச் தேதியிட்டு ஸ்பைடர்மேனுக்குத் தனி இதழ் வந்தபோது, அதே மார்ச் தேதியிட்ட ஆறாம் இதழோடு 'ஹல்க்' தொடர் நின்றது. அந்த ஆறாம் இதழை வரைந்தவரும் டிட்கோதான். ஒரே கை, ஒரு வீட்டில் தாலாட்டும் ஒரு வீட்டில் ஒப்பாரியும் பாடியது.

அகச்சான்றும் புறச்சான்றும்

லீ தம் முதுமைவரை மேடைதோறும் சொன்ன கதை ஒன்று உண்டு. சிலந்தி நாயகனைச் சொன்னதும் பதிப்பாளர் மார்ட்டின் குட்மன் முகம் சுளித்தாராம். சிலந்தி என்றால் மக்களுக்கு அருவருப்பு. பள்ளிப் பையன் நாயகனுக்குத் துணையாக வரலாம், நாயகனாக முடியாது. நாயகனுக்குச் சொந்தக் கவலைகள் இருக்கக் கூடாது என்றாராம். எப்படியும் நிற்கப்போகிற தொடர், கடைசி இதழில் எதைப் போட்டாலும் கேட்பார் இல்லை என்று லீ அதில் நுழைத்துவிட்டாராம். கேட்க இனிமையான கதைதான்.

தமிழ் ஆராய்ச்சியில் ஒரு மரபு உண்டு. நூலுக்கு வெளியே வழங்கும் செவிவழிக் கதை புறச்சான்று. நூலுக்குள்ளேயே கிடப்பது அகச்சான்று. இரண்டும் முரண்பட்டால் அகச்சான்றே வலிது. அந்தக் கண்ணோடு 15ஆம் இதழைப் புரட்டினால், வாசகருக்கு ஆசிரியர் எழுதிய அறிவிப்பு ஒன்று கண்ணில் படுகிறது. சிலந்தி நாயகன் இனி மாதந்தோறும் வருவான் என்கிறது அது. வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்டால் கதையை நீட்டவும், ஓர் இதழுக்கு இரண்டு கதை தரவும் ஆயத்தம் என்கிறது.

வியாபாரப் பேச்சு என்று இதைத் தள்ளிவிடலாமா? முடியாது என்பேன். இழுத்து மூடப்போகிற கடைக்கு எவரும் புதுப் பெயர்ப் பலகை மாட்டுவதில்லை. இவர்களோ அந்த இதழில்தான் தொடரின் பெயரையே மாற்றினார்கள். பின்னால் வந்த தனித் தொடரின் முதல் இதழில், சொன்னபடியே இரண்டு கதைகள் இருக்கின்றன. ஆகவே அறிவிப்பு எழுதிய நாளில் அது கடைசி இதழ் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. நிறுத்தும் முடிவு பிறகு வந்திருக்கிறது. லீ பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நினைவு தனக்கு வசதியான வழியில் கோலம் போட்டுக்கொள்ளும். அந்த இதழ் அலட்சியத்தில் பிறந்ததில்லை, நம்பிக்கையில் பிறந்தது என்பதே என் முடிபு.

பொச்சாவாமை

இனி என் பேட்டைக்கு வருகிறேன். 11 பக்கக் கதையின் நடுவே ஓர் இடம். மல்யுத்த மேடையிலும் தொலைக்காட்சியிலும் பெயர் வாங்கிய நம் சிலந்தி நாயகன் பீட்டர் பார்க்கர் நடைவழியில் நிற்கிறான். ஒரு திருடன் ஓடி வருகிறான். பின்னால் காவலர் கத்திக்கொண்டு வருகிறார். கையை நீட்டினால் பிடித்துவிடலாம். பீட்டர் நீட்டவில்லை. திருடன் மின்தூக்கிக்குள் நுழைந்து தப்புகிறான். காவலர் கடிந்துகொள்ள, தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொண்டால் போதும் என்று இவன் விலகிப் போகிறான். அந்தத் திருடனே பின்பு இவனை வளர்த்த பென் மாமாவைச் சுட்டுக் கொல்கிறான். பாழடைந்த கிடங்கில் கொலைகாரனை மடக்கி முகத்தைப் பார்க்கும் கட்டத்தில்தான் பீட்டருக்கு உண்மை உறைக்கிறது.

வள்ளுவப் பெருந்தகை இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்: பொச்சாவாமை, 54ஆம் அதிகாரம். பொச்சாப்பு என்பது வெறும் மறதியன்று. தன் செல்வத்தையும் ஆற்றலையும் எண்ணிக் களித்திருந்து, செய்ய வேண்டியதைக் கைவிடுதல். அளவு மீறிய சினத்தைக் காட்டிலும் அந்தக் களிப்பின் சோர்வு கொடியது என்றுதான் அதிகாரமே தொடங்குகிறது. பீட்டர் கோபத்தில் தவறவில்லை, கைதட்டலில் தவறினான். அதிகார வைப்பையும் பாருங்கள். இதற்கு முன்னது சுற்றந்தழால், பின்னது செங்கோன்மை. உற்றாரைப் பேணுவதற்கும் முறை செய்வதற்கும் நடுவில் பொச்சாவாமையை நிறுத்தினார் ஐயன். வீட்டிலிருந்து புறப்பட்டு ஊருக்குக் காவலனாகும் பீட்டரின் பாதையும் இந்த வரிசையில்தான் போகிறது.

சிலம்பில் பாண்டியனும் ஒரு கணம் தேராமல் போனான். கண்ணகியின் காற்சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் உயிர் நீத்தான். அறம் அவன் கணக்கை அங்கேயே முடித்தது. பீட்டருக்கு அந்த விடுதலை இல்லை. அவன் வாழ வேண்டும், சுமக்க வேண்டும். ஆற்றல் பெரிதானால் பொறுப்பும் பெரிது என்று உலகம் இன்று திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்தை மாமா வாய்மொழி என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். இதழில் மாமா அதைச் சொல்லவே இல்லை. மெலிந்த உருவம் ஒன்று முதுகைக் காட்டி இருளுக்குள் நடந்து தேயும் கடைசிக் கட்டத்தில், கதை சொல்லியின் குரலாக அது வருகிறது. உரைகாரன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். மாமா முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அது அறிவுரை. எல்லாம் முடிந்த பின் வருவதால் அது தீர்ப்பு.

இதே இதழில் இன்னொரு சிறு கதை இருக்கிறது. எரிமலை வெடிக்கும் தீவில் எல்லாரும் தப்பி ஓட, ஒரு முதியவர் மட்டும் தம் கோயில் மணியை விடாமல் அடித்துக்கொண்டு நிற்கிறார். முதல் கதையில் கடமையை விட்டவன், இக்கதையில் விடாதவர். கைகூப்பத் தோன்றுகிறது.

நம் ஸ்பைடர் வேறு

இளையோருக்கு ஒரு சொல். தமிழ் லயன் காமிக்ஸில் நம்மைக் கட்டிப்போட்ட ஸ்பைடர் இவனல்லன். அவன் 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் தோன்றிய குற்றச் சக்கரவர்த்தி. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே அவனுடைய கதைகளைப் பின்னர் எழுதினார். பெயர் ஒன்று, குலம் வேறு.

வேண்டுகோள்

12 சென்ட்டுக்கு விற்ற அந்த இதழின் பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. டிட்கோ வரைந்த மூலப் பக்கங்கள் 24ஐயும் பெயர் சொல்லாத ஒருவர் 2008இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். முன்னதைச் செய்தியாகவும் பின்னதை அறமாகவும் கொள்க.

ஏட்டுச் சுவடிகளில் முதல் ஏடும் கடைசி ஏடும்தான் முதலில் சிதையும். அங்கேதான் நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கும். காமிக்ஸிலும் அதே கதிதான். மறுபதிப்புகளில் பெரும்பாலும் ஸ்பைடர்மேனின் 11 பக்கங்கள் மட்டும் வருகின்றன. ஆசிரியரின் அறிவிப்பு போய்விடுகிறது. நாமும் தொடர்கதையைச் சேர்த்துத் தைக்கும்போது 'ஹாட்லைன்' என்னும் ஆசிரியர் பக்கத்தையும் வாசகர் கடிதத்தையும் விளம்பரத்தையும் கிழித்துப் போட்டவர்கள்தாம். அன்பர்களே, இனி பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது எந்தத் தாளையும் எடுக்காமல் முழு இதழாகக் கொடுங்கள்.