விரலுக்குத் தெரியும் கோடு

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் எல்லாம் வரும் ஒரு கடலூர் மாவட்ட வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக்கோடு வெள்ளாறு. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது ரயில் பாதை. புள்ளிக்கோடு மாவட்ட எல்லை. கண்ணுக்குக் குழப்பமே இல்லை. இதே கோடுகளை அப்படியே தாளில் புடைப்பாக எழுப்பி, பார்வையற்ற ஒரு மாணவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? நிறம் போய்விடும். ஆறும் ரோடும் எல்லையும் பின்னிக்கொண்ட நூல்கண்டுதான் விரலில் மிஞ்சும்.

கண்ணுக்குச் சரியாக இருப்பது விரலுக்கும் சரியாக இருக்கும் என்ற இந்த நினைப்புக்கு வயது ஏறக்குறைய இருநூறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் கிரிட்லி ஹவ் என்பவர் பார்வையற்றோருக்காகப் பள்ளி நடத்தினார். 1837ல் புடைப்புக் கோடுகளால் ஆன அமெரிக்க நிலப்பட நூல் ஒன்றையும் வெளியிட்டார். பெரிய காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் எழுத்துகளாக அவர் வைத்தது சாதாரண ரோமன் எழுத்துகளின் புடைப்பு வடிவத்தை. பார்வையுள்ளவர்களும் படிக்க முடியும் என்பது அதன் வசதி. படிக்க வேண்டிய விரல்தான் திணறியது!

இதற்கு 8 வருடம் முன்பே, 1829ல், பாரிஸில் லூயி பிரெய்லி தன் புள்ளி முறையை அச்சில் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு முன்னோடியான சார்ல்ஸ் பார்பியேயின் முறையில் ஓர் எழுத்துக்கு 12 புள்ளிகள் வரை உண்டு. விரலை மேலும் கீழும் நகர்த்தித்தான் படிக்க வேண்டும். பிரெய்லி அதை 6 ஆக்கினார். ஆறும் ஒரே விரல் நுனிக்குள் அடங்கும். பார்பியேவுக்குப் பார்வை உண்டு, பிரெய்லிக்குக் கிடையாது. வித்தியாசம் அங்கேதான்.

நம்மூருக்கு வருவோம். பாளையங்கோட்டையில் 1890ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குக் கல்வி தரத் தொடங்கினார். அக்காலத்தில் இந்தியாவில் பல பிரெய்லி முறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் புழங்கின. 1951ல் பாரதி பிரெய்லி வந்த பிறகே ஒழுங்கு பிறந்தது. தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஆங்கில 'கே'வுக்கும் ஒரே புள்ளிகள்: 1, 3.

எழுத்துக்கு வந்த இந்த ஒழுங்கு படத்துக்கு வரவில்லை. 'ஆறு' என்பதற்கு உலகம் முழுக்க ஒரே தொடுகுறி இன்றும் கிடையாது. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் யானை பொம்மையைக் கையில் கொடுத்தால் தும்பிக்கை, காது, கால் என்று தடவிப் பார்த்தே யானை என்று சொல்லிவிடலாம். அதே யானையின் வெளிக்கோட்டை மட்டும் தாளில் எழுப்பிக் கொடுத்தால்? அது ஒரு வளைந்த கோடு, அவ்வளவே. உருவத்தை ஒரு கோடாகச் சுருக்கிப் பார்ப்பது கண்ணின் பழக்கம்.

ஆகவே 1960களிலும் 70களிலும் ஆராய்ச்சியாளர்கள் விரலிடமே கேட்கத் தொடங்கினார்கள். விரல் நுனியில் இரண்டு முனைகள் தனித்தனியாகத் தெரிய ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கண்ணோடு ஒப்பிட்டால் இது மிக மிகக் குறைந்த கூர்மை. 1971ல் நோலன், மோரிஸ் இருவரும் பார்வையற்ற பிள்ளைகளிடம் குறிகளைக் கொடுத்துச் சோதித்து, குழப்பமில்லாமல் பிரித்தறியக்கூடியவை எவை என்று வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடமாட்ட வரைபடங்களுக்கென்றே குறித் தொகுப்பு ஒன்று உருவானது.

எல்லாவற்றிலும் அழகானது 1966ல் வில்லியம் ஷிஃப் குழுவினர் சோதித்த அம்புக்குறி. பார்வையுள்ளவர்கள் போடும் அம்பின் கூர்முனையை விரல் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இவர்கள் கோட்டையே ரம்பப்பல் போல ஒருபக்கம் சாய்த்துச் செய்தார்கள். ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதற்கும் வாலிலிருந்து தலைக்குத் தடவுவதற்கும் உள்ள வேறுபாடுதான்! வெள்ளாற்றை இப்படி ஒரு கோட்டால் காட்டினால், அது கிழக்கே கடலை நோக்கி ஓடுகிறது என்பதை வழவழப்பே சொல்லிவிடும்.

நம் நாட்டில் நெடுங்காலம் இந்த வேலையை ஆசிரியர்களே கோந்து, நூல், மணல்தாள் வைத்துச் செய்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு மாலை போய்விடும், பிரதியும் எடுக்க முடியாது. 2010களில் டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழுவினர் பாடநூல் படங்களைத் தொட்டுணர் படங்களாக மாற்றும் வேலையில் இறங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ரெய்ஸ்டு லைன்ஸ் ஃபவுண்டேஷன். அச்சின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் படியவைத்தால் பிரதி தயார்.

இது ஏன் அவசரம்? சி.பி.எஸ்.இ. சமூக அறிவியல் தேர்வில் பார்வையற்றோருக்கு வரைபடக் கேள்விக்குப் பதிலாக வேறு கேள்வி தரப்படுகிறது. சலுகைதான். ஆனால் 'படம் வேண்டாம்' என்று பள்ளியிலேயே விலக்கு வாங்கியவர் கல்லூரியில் பொருளியல் எடுத்தால் முதல் வாரத்திலேயே தேவை, அளிப்பு வளைகோடுகள் வந்து நிற்கும். அந்த இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியில்தான் விலையே இருக்கிறது. ஒன்றின் மேல் போகும் விரல், வெட்டும் இடத்தில் தடம் மாறி மற்றொன்றில் இறங்கிவிடும். அதனால் ஒரு கோட்டை வழவழப்பாகவும் இன்னொன்றைப் புள்ளிகளாகவும் வைத்து, சந்திக்கும் இடத்தில் ஒன்றைச் சில மில்லிமீட்டர் விட்டு வரைகிறார்கள்.