காகிதப் பை தந்த அம்மையார்

அடிப்பாகம் தட்டையாக விரிந்து, மேசைமீது தானே நிமிர்ந்து நிற்கும் காகிதப் பையை நாமெல்லாம் அறிவோம். பொருளை எடுத்துக்கொண்டு பையை எறிந்துவிடுகிறோம். மின்விளக்கு என்றதும் எடிசன் பெயர் நம் நாவில் வருகின்றது. இப்பையைச் செய்யும் எந்திரத்தைப் படைத்தவர் யார் எனக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்?

அவர் மார்கரெட் நைட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1838ஆம் ஆண்டு மேய்ன் மாநிலத்தின் யார்க் நகரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, பஞ்சாலையில் வேலைக்குச் சென்றார். அங்கே தறியிலிருந்து நாடா தெறித்துத் தொழிலாளி ஒருவரைக் காயப்படுத்தியதைக் கண்டு, அவ்விபத்தைத் தடுக்கும் அமைப்பொன்றைத் தம் பன்னிரண்டாம் வயதிலேயே வகுத்தார் என்பர். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை.

பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், காகிதப் பை செய்யும் நிறுவனமொன்றில் பணியேற்றார். அந்நாளில் எந்திரங்கள் கடித உறை போன்ற பைகளையே செய்தன. தட்டையான அடியுள்ள பையைக் கையால்தான் மடித்து ஒட்ட வேண்டும். காலமும் கூலியும் மிகுதி. காகிதத்தை வெட்டி, மடித்து, அடியை ஒட்டும் எந்திரமொன்றை நைட் அம்மையார் முதலில் மரத்தால் அமைத்தார். காப்புரிமை வேண்டி, அதனை இரும்பில் வார்க்கப் பாஸ்டன் நகரப் பட்டறைக்குக் கொண்டுசென்றார்.

சோதனை அங்கேதான் காத்திருந்தது. எந்திரத்தைப் பார்த்துச் சென்ற சார்லஸ் அன்னான் என்பவர், அதனைத் தம் படைப்பெனக் காப்புரிமைக்குப் பதிவு செய்துகொண்டார். அம்மையார் கண்ணீர் வடித்துக்கொண்டு ஒதுங்கவில்லை, வழக்குத் தொடுத்தார். தாம் தீட்டிய வரைபடங்களையும் எழுதிய குறிப்புகளையும் முன்வைத்தார். தம் உழைப்பைக் கண்ணாரக் கண்டவர்களைச் சாட்சிகளாக நிறுத்தினார். உண்மை வென்றது. 1871 ஜூலை 11ஆம் நாள் காப்புரிமை அவர் பெயருக்கே வழங்கப்பட்டது.

இவ்வெற்றியை அளித்தது இரக்கமன்று, ஆவணம் என்பதை நாம் மறத்தலாகாது. வரைந்து வைக்கவும் வழக்காடவும் வழியற்ற பெண்கள் எத்தனை பேருடைய சிந்தனை, பிறர் பெயரால் உலவுகின்றதோ!

1914இல் மறையும்வரை காலணித் தொழில் எந்திரங்கள், சுழல் இயந்திரம் எனப் பல துறைகளில் இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை இவர் பெற்றார். எனினும், பெருஞ்செல்வம் சேரவில்லை. இதழ்கள் இவரைப் "பெண் எடிசன்" எனப் புகழ்ந்தன. எடிசனைவிட இவர் ஒன்பது ஆண்டுகள் மூத்தவர். எடிசனின் மின்விளக்கு 1879இல் ஒளிர்வதற்கு எட்டாண்டுகள் முன்பே இவர் எந்திரம் உரிமை பெற்றுவிட்டது. புகழுரையிலும் ஓர் ஆடவரின் பெயரை இரவல் வாங்கியே ஒரு பெண்ணை அளந்தனர்! மார்கரெட் நைட்டை மார்கரெட் நைட் என்றே நினைவுகூர்வதுதான், நாம் அவருக்குச் செலுத்தக்கூடிய நேர்மையான நன்றியாகும்.