கோள் என்னும் சொல்லின் பிடி

இரவு வானில் ஒளிரும் புள்ளிகள் அனைத்துக்கும் பழந்தமிழ் வழங்கிய பொதுப்பெயர் மீன் என்பது. மின்னுதலைக் குறிக்கும் ‘மின்’ என்னும் அடியிலிருந்து அது பிறந்ததாகக் கொள்வர். அம்மீன்களை நாண்மீன், கோண்மீன் என இரண்டாகப் பகுக்கும் வழக்கு சங்க காலத்திலேயே நிலைபெற்றிருந்தது என்பதற்கு, மன்றத்தில் குழுமிய மக்களை நாண்மீன்களிடையே விரவிய கோண்மீன்களுக்கு ஒப்பிடும் பட்டினப்பாலை சான்றாகும்.

நாண்மீன் என்பது நாளைக் காட்டும் மீன். விண்மீன்களின் பின்னணியில் நிலா வானை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாள் ஆவதால், அதன் வழியை 27 மீன்கூட்டங்களாகப் பகுத்து நாளொன்றுக்கு ஒன்றென எண்ணினர். அதனால் நாள் என்னும் சொல்லே பொழுதையும் மீனையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. ‘நாளும் கோளும் பார்த்து’ என்று இன்றும் வழங்கும் தொடரில் நாள் என்பது தேதியன்று, நட்சத்திரமே.

கோள் என்பதன் வரலாறு இதனினும் சுவையானது. கொள் என்னும் வினை முதல் நீண்டு கோள் ஆயிற்று. எனவே அதன் நேர்ப்பொருள் பற்றுதல், பிடித்தல் என்பதாகும். வடமொழிக் ‘கிரகம்’ என்னும் சொல்லும் பிடித்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்தே வந்தது. கிரேக்கர் அதே ஒளிப்புள்ளிகளை அலைபவை என்று அழைத்தனர். அவர்கள் கண்டது அசைவை, இங்குள்ளோர் அஞ்சியது பிடியை. கோள் உருண்டையாக இருப்பதால் அப்பெயர் பெற்றது என்று கருதுவோர், வட்ட வடிவைக் குறிக்கும் வடமொழிக் ‘கோளம்’ என்பதோடு அதனைக் குழப்பிக்கொள்கின்றனர். வடிவம் இங்கு ஒரு பொருட்டே அன்று: உருவமே இல்லாத இராகுவும் கேதுவும், அதாவது நிலாவின் வழி ஞாயிற்றின் வழியை வெட்டும் இரு புள்ளிகளும், ஒன்பது கோள்களுள் இடம்பெற்றதற்குக் காரணம், நிலாவையும் ஞாயிற்றையும் பாம்பாய்ப் பற்றி விழுங்குவன அவை என்ற நம்பிக்கையே. காலடியில் கிடந்த நிலவுலகமோ அவ்வரிசையில் எண்ணப்படவில்லை.

தனித்தனிக் கோள்களுக்கு நிறமே பெரும்பாலும் பெயரானது. சிவந்தது செவ்வாய், வெளுத்தது வெள்ளி. சனி, மை என்னும் கருமையால் மைம்மீன் எனப்பட்டது. வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்ற அச்சம் பட்டினப்பாலையிலும் புறநானூற்றிலும் பதிவாகியுள்ளது. கூடலூர் கிழார் என்னும் புலவர், பங்குனித் திங்களில் ஒரு மீன் எரிந்து விழுந்ததைக் கண்டு சேர மன்னன் ஒருவனின் இறப்பை முன்னுணர்ந்து பாடிய புறப்பாட்டில், எந்த மீன் உச்சியில் நின்றது, எது சாய்ந்தது, எது எழுந்தது என்னும் விவரம் அடுக்கடுக்காக வருகின்றது. கணியர், அதாவது காலம் கணித்துச் சொல்வோர், வானை எத்துணை நுட்பமாகப் பார்த்தனர் என்பதற்கு அப்பாட்டே போதும்.

இக்கால அறிவியல் தமிழ், அந்த ஒன்பதிலிருந்து ஞாயிற்றையும் திங்களையும் பாம்புகளையும் நீக்கி, நிலவுலகைச் சேர்த்து, கோள் என்னும் சொல்லையே வைத்துக்கொண்டது. 1957இல் ஸ்புட்னிக் ஏவப்பட்டுத் தொடங்கிய விண்வெளிக் காலம் தந்த புதுப்பொருளுக்குத் தமிழகம் ‘செயற்கைக்கோள்’ என்றது. இலங்கைத் தமிழரோ அதனை, மதி என்னும் நிலாப்பெயரால், ‘செய்மதி’ என்றனர். புவியையே சுற்றிவரும் பொருளுக்குப் பின்னதே பொருத்தமானது.