இலங்கையில் முறிந்த போர்நிறுத்தங்கள் (1985–2009)

இலங்கை அரசுக்கும் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கும் இடையே 1985 முதல் 2009 வரை பலமுறை போர்நிறுத்தம் ஏற்பட்டது. அவற்றில் ஒன்றும் நிலைக்கவில்லை. பிணக்குக்கு உள்ளான நிலம் வடக்கு, கிழக்கு மாகாணங்கள். தமிழ் இயக்கங்கள் அதைத் தமிழரின் மரபுவழித் தாயகம் என்றன; ஒற்றையாட்சி நாட்டின் பிரிக்க முடியாத பகுதி என்றது கொழும்பு. போர் மீண்டும் மூண்டபோதெல்லாம் மக்கள் படகேறித் தமிழகக் கரைக்கு வந்தனர். சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளும் இந்த வரலாற்றில் இடம்பெறுகின்றன.

பின்னணி

1983 சூலை 23 அன்று யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில் தமிழீழ விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 படையினர் இறந்தனர். அதைத் தொடர்ந்து கொழும்பிலும் தென்னிலங்கையிலும் தமிழர்மீது இனவன்முறை ஏவப்பட்டது. கறுப்பு சூலை எனப்படும் அந்நிகழ்வு, அதுவரை சிறு குழுக்களின் மோதலாக இருந்ததை முழுப் போராக்கியது. 1983 முதல் 1987 வரை ஏறத்தாழ 1,34,000 பேர் தமிழகத்தில் அடைக்கலம் புகுந்தனர்.

திம்பு பேச்சுவார்த்தை

இந்தியாவின் முயற்சியால் 1985 சூன் 18 அன்று முதல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. சூலை, ஆகஸ்டு மாதங்களில் பூட்டான் தலைநகர் திம்புவில் இருசுற்றுப் பேச்சு நடந்தது. தமிழர் தனித் தேசிய இனம், அவர்களுக்கென ஒரு தாயகம், சுயநிர்ணய உரிமை, தீவிலுள்ள தமிழர் அனைவருக்கும் குடியுரிமை என்ற நான்கு கோட்பாடுகளைத் தமிழர் தரப்பு ஒன்றுபட்டு முன்வைத்தது. குடியுரிமை தவிர்த்த மற்ற மூன்றையும் அரசு ஏற்க மறுத்தது. வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் தமிழர் தரப்பு வெளியேறியது. திம்புவில் எழுந்த அந்த நான்கு கோரிக்கைகளுக்கும் அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகளில் முழு விடை கிடைக்கவில்லை.

இந்திய–இலங்கை ஒப்பந்தம்

1987 சூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைய வேண்டும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். களத்தில் போரிட்ட புலிகள் அதில் கையெழுத்திட்ட தரப்பு அல்லர். ஆகஸ்டு 4 அன்று சுதுமலைக் கூட்டத்தில் புலிகளின் தலைவர் வே. பிரபாகரன் ஆயுத ஒப்படைப்புக்கு இசைந்தாலும் ஒப்பந்தத்தை மனமுவந்து ஏற்கவில்லை.

ஐந்து கோரிக்கைகளை முன்வைத்து நீரும் அருந்தாமல் உண்ணாநோன்பிருந்த புலிகள் இயக்கத்துத் திலீபன் செப்டம்பர் 26 அன்று இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட புலிகள் 17 பேரைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது அவர்கள் சயனைடு உட்கொண்டனர். தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் உயிரிழந்தனர். அக்டோபர் 10 முதல், ஒப்பந்தத்தை அடுத்து வந்திருந்த இந்திய அமைதிப்படையும் புலிகளும் போரிட்டனர். அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது 1,100-க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் உயிரிழந்திருந்தனர்.

1990, 1995 முறிவுகள்

அமைதிப்படையை வெளியேற்ற வேண்டும் என்பதில் அதிபர் பிரேமதாசாவும் புலிகளும் ஒன்றுபட்டு 1989-இல் பேச்சைத் தொடங்கினர். படை வெளியேறியதும் ஒற்றுமைக்கான காரணமும் தீர்ந்தது. 1990 சூன் 11 அன்று புலிகள் கிழக்கில் காவல் நிலையங்களைச் சூழ்ந்து, சரணடைந்த காவலர்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். அவ்வாண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தங்கள் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டனர். இக்கட்டத்தில் தமிழகம் வந்த அகதிகள் ஏறத்தாழ 1,22,000 பேர்.

சமாதான முழக்கத்துடன் பதவிக்கு வந்த சந்திரிகா குமாரதுங்கவுடன் 1995 சனவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தம் நான்கு மாதங்கள்கூட நீடிக்கவில்லை. ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் இரு கடற்படைக் கலங்களைப் புலிகள் மூழ்கடித்தனர். போர் மீண்டும் மூண்டது; அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் கொட்டும் மழையில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர்.

2002 உடன்படிக்கை

இஸ்ரேல்–பாலஸ்தீனத் தரப்புகளை 1993 ஒஸ்லோ உடன்படிக்கைக்குக் கொண்டுவந்த நோர்வே, இங்கும் நடுநிலையாளராகச் செயல்பட்டது. பிரதமர் ரணில் விக்ரமசிங்கவும் பிரபாகரனும் ஒரே மேசையில் அமராமல் தனித்தனியே கையெழுத்திட்ட உடன்படிக்கை 2002 பிப்ரவரி 23 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளையும் வழிபாட்டிடங்களையும் படையினர் காலிசெய்ய வேண்டும், துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களைக் களைய வேண்டும், புலிகளின் அரசியல் பிரிவினர் ஆயுதமின்றி அரசுப் பகுதிகளில் நடமாடலாம் என்று அது வகுத்தது. நோர்டிக் நாடுகள் ஐந்தும் கண்காணிப்புக் குழு அமைத்தன. ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும், ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த குடும்பங்கள் ஒன்றுகூடின.

தாய்லாந்து, நோர்வே, ஜெர்மனி, ஜப்பான் நாடுகளில் ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சித் தீர்வை ஆராய இருதரப்பும் இசைந்தன. சமாதானம் இவ்வளவு அருகில் வந்தது அந்த ஒருமுறைதான். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்தினர். அக்டோபரில் அவர்கள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைத் திட்டத்தை அடுத்து, அதிபர் சந்திரிகா மூன்று அமைச்சகங்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து சென்றார். ஆழிப்பேரலை நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் உடன்பட்ட கூட்டுக் கட்டமைப்பையும் 2005 சூலையில் உச்ச நீதிமன்றம் முடக்கியது. ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டார்.

2005 நவம்பர் அதிபர் தேர்தலைத் தமிழர்கள் புறக்கணிக்குமாறு புலிகள் செய்தனர். இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் மகிந்த ராஜபக்ச வென்றார். 2006 சூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டதை ஒட்டிப் பெரும்போர் தொடங்கியது. ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டனர். போர் நடந்துகொண்டிருக்க, ஏட்டளவில் இருந்த உடன்படிக்கையிலிருந்து 2008 சனவரியில் அரசு விலகியது.

2009 இறுதிக்கட்டம்

2009-இல் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள்ளேயே குண்டுகள் விழுந்தன. தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டனர். சிறாரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தனர். ஏப்ரல் 26 அன்று புலிகள் அறிவித்த ஒருதலைப் போர்நிறுத்தத்தை அரசு ஏற்கவில்லை. மறுநாள் அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி சென்னையில் அண்ணா நினைவிடத்தருகே உண்ணாநோன்பிருந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்தப் போவதில்லை என்ற கொழும்பின் அறிவிப்போடு அது முடிந்தது. ஆனால் போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலில் குண்டுவீச்சு முடியவில்லை. இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என 2011-இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு மதிப்பிட்டது.

சென்னைத் தென்புறநகரில் தாக்கம்

போர் சென்னையைத் தொட்ட முதற்பேரிடர் மீனம்பாக்கத்தில் நிகழ்ந்தது. 1984 ஆகஸ்டு 2 இரவு, கொழும்பு விமானத்தை இலக்காகக் கொண்ட பெட்டிக்குண்டு விமான நிலையத்திலேயே வெடித்து, ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையர். 1991 மே 21 இரவு அதே மீனம்பாக்கத்தில் வந்திறங்கிச் சாலைவழியே திருப்பெரும்புதூர் சென்ற ராஜீவ் காந்தி அங்கே புலிகளால் படுகொலை செய்யப்பட்டார். 1992 மே மாதம் புலிகள் இயக்கத்தை இந்தியா தடைசெய்தது. ஐயத்தின் நிழல் அகதிகள்மீதும் படிந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டுக் கிளைச்சிறை வளாகச் சிறப்பு முகாமில் அடைக்கப்பட்டவர்கள் விடுதலை கோரிப் பலமுறை உண்ணாநோன்பிருந்தனர்.

போர் முடிந்த பின்னும் இப்பகுதியில் உணர்வு அடங்கவில்லை. 2012 சூலையில் தாம்பரம் விமானப்படை நிலையத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது தெரியவந்ததும் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. அவர்களைத் திருப்பி அனுப்புமாறு முதலமைச்சர் ஜெயலலிதா கோர, மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது.

முறிவுக்கான காரணங்கள்

அரசியல் தீர்வு இல்லாமல் துப்பாக்கியை மட்டும் நிறுத்தியதே முதற்காரணம். கிடைத்த இடைவெளியை இருதரப்பும் ஆயுதம் சேர்க்கப் பயன்படுத்தின. 2002 உடன்படிக்கைக்குப் பிறகு புலிகள் 3,000-க்கும் மேற்பட்ட மீறல்களையும் அரசுத் தரப்பு 300-க்கும் மேற்பட்ட மீறல்களையும் செய்ததாகக் கண்காணிப்புக் குழு பதிவுசெய்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. கொழும்பில் ஆளுங்கட்சி கொண்டுவந்த தீர்வை எதிர்க்கட்சி கெடுத்தது. புலிகள் மாற்றுக் கருத்துடைய தமிழ்த் தலைவர்களைக் கொன்றனர். முஸ்லிம்களுக்குப் பேச்சு மேசையில் தனித்தரப்பாக இடம் கிடைக்கவில்லை. 1987 ஒப்பந்தத்தின்படி இணைந்த வடகிழக்கையும் 2006-இல் உச்ச நீதிமன்றம் பிரித்தது.

இன்றைய நிலை

1987-இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு அளித்த காணி, காவல் அதிகாரங்கள் இன்னும் முழுமையாகக் கைமாறவில்லை. தமிழக அரசு 2021-இல் அகதி முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகள் உள்ளிட்ட ரூ.317 கோடித் திட்டத்தை அறிவித்தது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கும் குடியுரிமை மறுக்கப்படுவது அநீதி; அதைக் களையும் கடமை இந்திய அரசுக்கு உண்டு.