திருகோணமலையிற் காப்பிலியர்

காப்பிலி என்னுஞ் சொல் நம்மவர் பேச்சிலுங் கதையிலும் வசையாகவே வழங்குகின்றது. இறைமறுப்போனைக் குறித்த அரபுச் சொல், போர்த்துக்கேயர் வாய்வழித் திரிந்து ஈழத்தை அடைந்தது. அவர்தங் கப்பல்களில் ஆபிரிக்க அடிமைகளும் வந்தனர். ஒல்லாந்தர் கொழும்பில் அவர்களை இராக்காலத்து அடைத்த இடத்தை ஆங்கிலேயர் அடிமைத்தீவு என்றனர். தமிழிலோ அது கொம்பனித்தெரு. நம் பெயர் அக்கொடுமையை மறந்தது போலும்! ஆங்கிலேயர் ஆபிரிக்கரைப் படையிற் சேர்த்தனர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. 1873இல் இலங்கைத் துப்பாக்கிப் படையணி கலைக்கப்பட, வீரர் சிலர் புத்தளத்திற் குடியமர்ந்தனர். திருகோணமலையிலிருந்தோர் பறங்கியரோடு மணவுறவாற் கலந்தனர். நம் மணவீடுகளில் ஒலிக்கும் பைலாவில் அவர்தம் இசைக்கும் பங்குண்டு. ஆயினும் இத்துறைமுகத்தின் வரலாற்றைக் கோட்டையும் கோணேசர் கோயிலுமாகவே கற்பிக்கின்றோம். கருநிறத் தோழனை மாணாக்கர் அச்சொல்லால் ஏசும் இவ்வூரிலேயே, அச்சொல்லுக்குரியோரின் வழித்தோன்றல்களும் வாழ்கின்றனர்.